சாடிப் போயி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் காந்தாரி சார். காந்தாரி என்பது மலையாளத்துக்காரர்கள் கஞ்சிக்குக் கடித்துக்கொள்கிற ஊசி மிளகாய். ஆள் சிறிசு, எரிச்சல் பெரிசு என்று அர்த்தம். யார் வைத்த பெயர் என்று கண்டுபிடிக்கப் பிரம்பும் கையுமாக ரொம்ப நாள் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் என் மனைவியே அடுக்களையில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதோடு தேடுவதை விட்டுவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாளத்துப் பக்கம் வேலை கிடைத்து வந்தவன் நான். வித்துராவிலிருந்து பொன்முடிக்குப் போகிற ரோட்டில் எங்கள் பள்ளி. மேலே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிற தமிழர்களின் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு தமிழ் டிவிஷன் இருந்தது. இரண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கி ஊருக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ரிட்டயர் ஆகிறவரை அங்கேயேதான் கிடந்தேன், கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஹெட்மாஸ்டராக. காரணம் பள்ளிக்கூடம் மட்டுமில்லை. பள்ளிக்குப் பின்னால் சரிவில் கொஞ்சம் நிலம் விலைக்கு வந்தது. வாங்கிப் போட்டேன். மண் ஆளைப் பிடித்துக்கொண்டால் எந்த மாற்றல் உத்தரவும் செல்லாது.

நெல்வயல் பார்த்து வளர்ந்தவனுக்கு மலைச்சரிவில் விவசாயம் பிடிபடவில்லை. முதல் வருஷம் சமதரையில் கொத்துவதுபோலக் கொத்தி வைத்தேன். முதல் மழையில் என் மேல்மண் முழுக்கக் கீழே பக்கத்துக்காரன் வாழைக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் வந்து நன்றி வேறு சொன்னான். பிறகு கல் அடுக்கி வரப்பு கட்டக் கற்றுக்கொண்டேன். மரச்சீனி என்று நாங்கள் சொல்கிற மரவள்ளிக்கிழங்கு, மிளகு, வாழை, கொஞ்சம் இஞ்சி. விடிகாலையில் மண்வெட்டி, குளித்துவிட்டு வந்தால் சாக்குக்கட்டி. காட்டுப்பன்றியும் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிற ஏ.இ.ஓ.வும் சொல்லிக்கொண்டு வருவதில்லை, இரண்டுக்கும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வேன். சிரிக்காத ஒரே ஆள் ஏ.இ.ஓ.தான்.

நான் சொல்ல வந்தது எழுபதுகளின் கடைசியில் நடந்த ஒன்றை.

தமிழ் டிவிஷனில் பத்தாம் வகுப்பு வரை தாக்குப்பிடிக்கிற பெண்பிள்ளைகள் அபூர்வம். வயதுக்கு வந்ததும் கொழுந்து கிள்ள அனுப்புவார்கள், இல்லையென்றால் ஊருக்குக் கூட்டிப்போய்க் கெட்டிக்கொடுத்துவிடுவார்கள். அந்த வருஷம் ஒருத்தி மிஞ்சினாள். அவள் அப்பா மேலே ஒரு தோட்டத்தில் கங்காணி. ஆட்களை வேலைக்கு இறக்கி மேய்க்கிற உத்தியோகம். என் ஊர்ப்பக்கத்துக்காரர், என்னைப் போலவே முன்கோபி. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதப்போகிற முதல் பெண் அவள்தான். அவள் எழுதிவிட்டால் போதும், அடுத்த வருஷம் நாலு தாய்மார் தங்கள் பெண்களை நிறுத்தாமல் அனுப்புவார்கள் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

பரீட்சை திங்கட்கிழமை தொடங்குகிறது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஹால் டிக்கெட் கொடுத்தேன். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். அவள் மட்டும் வாங்கவில்லை. எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து பக்கத்தில் வந்தாள்.

"உங்க கிட்டயே இருக்கட்டும் சார். வீட்டுக்குக் கொண்டுபோனா அப்பா கிழிச்சிருவாரு" என்றாள்.

ஊரில் மாப்பிள்ளை பார்த்து நாளும் குறித்தாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை காலை கல்லாற்றில் பஸ் ஏறுகிறார்களாம். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பாடம் ஒப்பிப்பது மாதிரிச் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ படி. நான் பார்த்துக்கிடுகேன்" என்றேன்.

என்ன பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது.

கல்லாறு என்பது எங்கள் ஆற்றுக்கும் பெயர், அந்த ஆற்றங்கரையில் பஸ் நிற்கிற இடத்துக்கும் பெயர். பொன்முடிக்குப் போகிறவர்கள் இறங்கிச் சாயா குடிக்கிற இரண்டு மூன்று கடைகள், ஆற்றுக்கு இறங்குகிற கல்படி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவும் மகளும் சாயாக்கடை முன்னால் நின்றிருந்தார்கள். அவள் கையில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, அவர் முகம் கறுத்தது.

கடை நிறையச் சுற்றுலா வந்த கூட்டம். நாலு பேர் பார்க்கச் சண்டை வேண்டாமே என்று அவரைக் கடைக்குப் பின்னால் பலாமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். மெதுவாகப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

"பரீட்சை நாளைக்குவே. ஒரு வாரம் பொறுத்தாக் குடியா முழுகிப் போவும்?" என்றேன்.

"நாளு குறிச்சாச்சு சார். படிச்சது மதி. இதுக்கு மேல படிக்க வச்சா எவன் கெட்டுவான்?"

"ஒரு பயலும் கெட்டாண்டாம். அவ டீச்சராவா. நான் ஆக்கிக் காட்டுகேன்."

"ஒங்களுக்கு மகள் உண்டா சார்?"

எனக்குப் பிள்ளைகளே இல்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். அதன் பிறகு நான் மெதுவாகப் பேசவில்லை. அவரும்தான். என்னென்ன சொன்னோம் என்று முழுக்க நினைவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அங்கே இரண்டு ஆத்திரக்காரர்கள். அவர் என் வேட்டியைப் பிடிக்காத குறை, நான் அவர் சட்டையைப் பிடிக்காத குறை. தொண்டை வற்றியபோதுதான் கடை முன்னால் ஒருத்தியை நிற்கவைத்துவிட்டு வந்தோம் என்பது இருவருக்கும் உறைத்தது.

முன்னால் வந்து பார்த்தால் அவள் இல்லை. ஆற்றுக்கு இறங்குகிற கல்படியின் உச்சியில் அவள் துணிப்பை மட்டும் இருந்தது.

"குட்டி எங்கே?" என்று சாயாக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் மலையாளி. கூட்டத்துக்குச் சாயா அடித்துக்கொண்டிருந்தார், வாயில் வெற்றிலை. தலையைத் தூக்காமலே சொன்னார்:

"சாடிப் போயி சாரே. நிங்ஙள் அவிடே வழக்கடிக்கும்போ குட்டி இவிடே, கல்லாற்றீந்நு சாடி."

சொல்லிவிட்டு மோவாயால் கீழ்ப்பக்கம் காட்டினார். ரோடு கீழே இறங்குகிற திசை. ஆறு ஓடுகிற திசையும் அதுதான்.

எங்கள் ஊரில் சாடுவது என்றால் குதிப்பது. மாமியாரோடு சண்டை போட்டவள் கிணற்றில் சாடுவாள், கடன்காரன் குளத்தில் சாடுவான். பெண்பிள்ளை சாடினாள் என்று யாராவது வந்து சொன்னால் ஊரே கயிறும் பாதாளக்கரண்டியுமாகக் கிளம்பும். பதினைந்து வருஷத்துக்கு மேல் மலையாளத்தோடு புழங்கியவன் நான். ஸ்டாஃப் மீட்டிங் மலையாளத்தில், சந்தையில் பேரம் மலையாளத்தில், கோபம் வந்தால் திட்டுவதுகூடப் பாதி மலையாளத்தில். ஆனால் பயம் வந்ததும் காது ஊருக்குப் போய்விட்டது. அவருக்கும் அதே காதுதான். இருவரும் ஒரே மாதிரி கேட்டோம்: கல்லாற்றில் சாடிவிட்டாள். படியில் இறங்கி ஓடினோம்.

மார்ச் மாதம் கல்லாற்றில் பெரிதாகத் தண்ணீர் இருக்காது. உருண்டைப் பாறைகளுக்கு நடுவே முழங்கால் அளவுக்கு ஓடும். ஆனால் நடுநடுவே கயங்கள் உண்டு. மேலே பார்த்தால் அசையாது, உள்ளே ஆழம் தெரியாது. வருஷந்தோறும் குளிக்க வருகிறவர்களில் யாராவது ஒருத்தரை எடுத்துக்கொள்கிற ஆறு அது. கீழே ஒரு லாரி கிளீனர் குளித்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் தண்ணீரில் விழுந்துவிட்டாள் என்று கத்தினேன். அவன் சோப்பை எறிந்துவிட்டு முதல் கயத்துக்குள் முங்கினான்.

அவன் எழுந்து வருகிற ஒவ்வொரு தடவையும் நான் அவன் கையைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. கை வெறுமையாக இருந்தது. சந்தோஷப்படுவதா, அடுத்த தடவைக்குப் பயப்படுவதா என்று தெரியவில்லை. நான் பார்த்துக்கிடுகேன் என்று அவளிடம் சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்தது கிடையாது.

கங்காணிக்கு நீச்சல் தெரியாது. அது தெரிந்தும் சட்டை வேட்டியோடு இறங்கிக்கொண்டே போனார். நெஞ்சு அளவு வந்தபிறகு நான் பின்னால் போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்தேன். திரும்பி என்னை அடித்தார். தோளில் விழுந்தது.

"ஒம்ம படிப்புதான்யா அவளத் தின்னுது!" என்றார். சார் எல்லாம் போய்விட்டது.

"படிப்பா தின்னுது? ஒம்ம கல்யாணம் தின்னுதுவே!" என்றேன்.

தண்ணீருக்குள் நின்றுகொண்டு இரண்டு கிழட்டுச் சேவல்கள் மாதிரி கத்தினோம். கிளீனர் மூச்சு வாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வையில் இவர்களை முதலில் முக்கிவிடலாமா என்கிற யோசனை இருந்தது. அடுத்த கயத்துக்குப் போனான். அங்கேயும் இல்லை. அதற்கும் கீழே பாறை வளைவில் ஒரு கயம், அதுதான் இருப்பதிலேயே ஆழம். அவன் அதன் கரையில் நின்று ஒரு நிமிஷம் தயங்கினான். அதற்குள் நான் கங்காணியை முழங்கால் அளவுத் தண்ணீருக்கு இழுத்து வந்திருந்தேன். அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் அவர் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தாயே, உசுரோட குடுத்திரு" என்றார். என்னிடம் இல்லை, ஆற்றிடம். "பரீட்சை எழுதட்டும். என்ன வேணும்னாலும் எழுதட்டும். கல்யாணமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். உசுரோட குடுத்திரு."

அதற்கு மேல் அவர் அழுத அழுகையை எழுத எனக்கு வராது. நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அந்த ஆள்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நானும் அழுதேன்.

அப்போது மேலே படியிலிருந்து ஒரு சத்தம். சாயாக்கடைக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் படியிறங்கி ஓடியதைப் பார்த்து, ஆற்றோரக் குறுக்குவழியாகப் போய் அவளை மறிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாராம். கூட்டம் ஓய்ந்தபிறகு எட்டிப் பார்த்தால் இரண்டு பெரிய மனுஷர்கள் தண்ணீரில் உட்கார்ந்து ஒப்பாரி.

"நிங்ஙள் எந்தா அவிடே செய்யுந்நது?" என்று கத்தினார். "குட்டி எஸ்டேட் லாரியில் கேறி தாழோட்டு சாடிப் போயீந்நல்லே ஞான் பறஞ்ஞது!"

மலையாளத்தில் ஜெயிலிலிருந்து தப்புகிறவனும் சாடுகிறான், வீட்டைவிட்டு ஓடுகிற பெண்ணும் சாடுகிறாள். குட்டி லாரியில் கேறி சாடிப் போயி என்றால் பெண் லாரியில் ஏறி ஓடிவிட்டாள், அவ்வளவுதான். கல்லாற்றிலிருந்து என்று அவர் சொன்னது பஸ் நிற்கிற இடத்தை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு மலையாளப் பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். கிளீனர் விஷயம் புரிந்ததும் எங்களை என்ன வார்த்தை சொல்லித் திட்டினான் என்பதை இங்கே எழுத முடியாது. நியாயமான வார்த்தைதான்.

எஸ்டேட் லாரி டிரைவர் அவளைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறவர். அவள் எங்கே போயிருப்பாள் என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஹால் டிக்கெட் என் வீட்டில் இருக்கிறது.

நனைந்த துணியோடு பஸ்ஸில் ஏறினோம். ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். முதலில் அவர் அவ்வப்போது "இருக்கா, இருக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அது நின்றது. சட்டை காயக் காய அவர் முகமும் இறுகிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூட நிறுத்தத்தில் இறங்கும்போது மடியிலிருந்த துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அதற்குள் கல்யாணத்துக்கு எடுத்த சேலைகள் இருந்தன. அதனால்தான் அவள் அதைப் படியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"ஊருக்கு மத்தியானம் ஒரு பஸ் உண்டுல்லா?" என்றார்.

ஆற்றில் சொன்னதைக் கேட்டது நான் ஒருத்தன்தான்.

வீட்டுப் பின்புறம் மரச்சீனி வாட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. தோலுரித்த கிழங்கைச் சீவி, பெரிய செம்பு அண்டாவில் அரைவேக்காடாக அவித்து, பாறையில் காயப்போடுகிற வேலை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே தலையில் தோர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு அவளும் சீவிக்கொண்டிருந்தாள். யாராவது தேடி வந்தால் கூலியாள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று என் மனைவி செய்த ஏற்பாடு. மடியில் கிழங்கு, முன்னால் கல் வைத்து அழுத்திய தமிழ்ப் புத்தகம்.

கங்காணி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு அடி எடுத்து வைத்தார். கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

"கெளம்பு" என்றார்.

அவள் எழுந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். என் மனைவி "அண்ணாச்சி, மொதல்ல ஒரு வாய் கஞ்சி குடியுங்க" என்று குறுக்கே வந்தாள். அவர் அவளைச் சுற்றிக்கொண்டு போய் மகளின் கையைப் பிடித்தார். எனக்கு அதுவரை அடங்கியிருந்தது எல்லாம் வெடித்துவிட்டது.

"செத்துட்டான்னு நெனச்சப்ப பரீட்சை எழுதட்டும்னு சொன்னேருல்லா! ஆத்துக்குள்ள உக்காந்து கும்பிட்டேருல்லா! இருக்கான்னதும் வேண்டாமாவே?"

பெண்கள் சீவுவதை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இருவர் வேட்டியிலும் ஒட்டியிருந்த ஆற்று மணலைப் பார்த்தாள். மெள்ளப் புரிந்தது. கையை உருவிக்கொள்ளவில்லை. சத்தம் போடவும் இல்லை.

"அப்போ நான் செத்தாத்தான் எழுத விடுவீங்களாப்பா?" என்று கேட்டாள்.

எதிர்த்துக் கேட்டதாக இருந்தால் அவர் ஓங்கி ஒன்று வைத்திருப்பார். அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கங்காணியின் கை தானாக விட்டது. சீவிப்போட்ட கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், என் மனைவியைப் பார்த்து, "நாளைக்கு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

பரீட்சை முடிகிறவரை அவள் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். கங்காணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வித்துராச் சந்தையில் எதிர்ப்பட்டால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். ஒருமுறை மிளகுக் கடையில் இருவரும் மாட்டிக்கொண்டோம். கடைக்காரரிடம் பேசுவதுபோல, "சில ஆளுகளுக்கு அடுத்தவன் வீட்டுப் பிள்ளைன்னா நல்ல எளக்காரம்" என்றார். நானும் கடைக்காரரிடமே, "சில ஆளுகளுக்குச் சொந்த வாக்குன்னா எளக்காரம்" என்றேன். கடைக்காரர் பாவம், மிளகை நிறுத்துக்கொண்டே இருந்தார்.

பரீட்சை முடிவு வந்தது. தமிழில் நல்ல மார்க். கணக்கில் போய்விட்டாள்.

எனக்குக் கொல்லையில் நிற்கவே பிடிக்கவில்லை. இத்தனை பாடும் இதற்குத்தானா என்று இருந்தது. அந்த மனுஷனுக்கு இப்போது என்ன சொல்வது? நாளும் போச்சு, சம்பந்தமும் போச்சு, பாசும் ஆகலை, இதுக்குத்தானா சார் என்று அவர் கேட்கப்போகிற கேள்வியை நானே கேட்டுக்கொண்டு, அதற்கு நானே பதிலும் சொல்லிப் பார்த்தேன். ஒரு பதிலும் தேறவில்லை. கல்லாற்றுப் பக்கம் போவதையே விட்டேன்.

மழைக்காலம் பிடித்திருந்தது. இஞ்சிப் பாத்தியில் தண்ணீர் தேங்காமல் சால் இழுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வரப்பில் குடையோடு கங்காணி. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். வருவது வரட்டும் என்று.

"திரும்பவும் எழுதலாம்னு சொல்லுகாளே, மெய்தானா சார்?" என்றார்.

"செப்டம்பர்ல எழுதலாம்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "தோத்துப் போனாளேன்னு உமக்குக் கோவமில்லியாவே?"

அவர் என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"உசுரோட இருக்கால்லா சார்" என்றார். "எழுதட்டும்."